மார்கழியில் பேசி தையில் பதிவு: சென்னையில் ஃபிளாட் வாங்குபவருக்குப் பேரம் பற்றிய முழு வழிகாட்டி

2024 டிசம்பர், மார்கழி பிறந்த மூன்றாம் நாள். மடிப்பாக்கத்தில் ஒரு பழைய ஃபிளாட்டைப் பார்க்கக் கிளம்பினேன். "மார்கழியில் யாராவது வீடு பார்ப்பார்களா?" என்று அம்மா முகம் சுளித்தார். யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதால்தான் போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

அதே வீட்டை ஆவணி மாதத்தில் புரோக்கர் காட்டியிருந்தார். 1,050 சதுர அடி, இரண்டாவது மாடி, 2009இல் கட்டியது. சொன்ன விலை 78 லட்சம். "இன்னும் மூன்று பார்ட்டி வரிசையில் இருக்கிறார்கள் சார், இன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் போட்டுவிடுங்கள்" என்றார். நான் போடவில்லை. மார்கழியில் அவரே போனில் அழைத்து, "ஓனர் கொஞ்சம் இறங்கி வருவார்" என்றார். 71.5 லட்சத்துக்கு முடிந்தது. தை மாதம் பதிவு. இடையில் வீடு மாறவில்லை, என் பேச்சும் அப்படியொன்றும் கூர்மையாகிவிடவில்லை. வீட்டுக்காரரின் மகன், பொங்கல் முடிந்ததும் பெற்றோரைக் கோவைக்கு அழைத்துப்போக நாள் குறித்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

வாங்குபவரின் பலம் பெரும்பாலும் விற்பவரின் நாட்காட்டியில் இருக்கிறது. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அந்த நாட்காட்டியைப் படிப்பவருக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதை எப்படிப் படிப்பது, படித்ததை எப்படி விலையாக மாற்றுவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் உங்கள் கணக்கு

வீடு பார்க்கும் முன் வங்கிக்குப் போங்கள். வருமானச் சான்றுகளைக் கொடுத்து, எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதைக் கடிதமாகவே வாங்கிவிடுங்கள். பேரத்தில் அந்தக் கடிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு. "லோன் கிடைத்தால் வாங்குகிறேன்" என்பவருக்கும் "லோன் தயார், பத்திரம் சரியாக இருந்தால் 45 நாளில் பதிவு" என்பவருக்கும் ஒரே விலையை எந்த வீட்டுக்காரரும் சொல்வதில்லை.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடன் என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30க்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும் மேலே 75 சதவீதம். பத்திரச் செலவு இந்தக் கணக்கில் சேராது. அது முழுவதும் உங்கள் கைப்பணம். தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. கிரயத் தொகை, அரசு அந்த இடத்துக்கு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மேல் இது கணக்கிடப்படும். 71.5 லட்சத்துக்கு 6.435 லட்சம். புரோக்கர் தரகு, வக்கீல் கட்டணம், வண்ணப்பூச்சு எல்லாம் இதற்கு மேல். புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரிலிருந்து வேறு கணக்கு: 50 லட்சம் வரை 6 சதவீதம், 3 கோடி வரை 7, அதற்கு மேல் 9.

இந்தக் கூட்டலைப் போட்டு, எந்தத் தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூட ஏற முடியாது என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பேச்சு சூடுபிடிக்கும்போது "இன்னும் ஒரு லட்சம்தானே" என்று தோன்றும். தோன்றும்போது அந்தத் தாள் நினைவுக்கு வர வேண்டும்.

படி 2: நகரத்தை விட்டுவிட்டுத் தெருவைப் பாருங்கள்

"சென்னையில் விலை ஏறுகிறது" என்ற செய்தியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. பெரும்பாக்கத்தில் காலியாகக் கிடக்கும் கோபுரங்களுக்கும், வருடத்துக்கு இரண்டு வீடு மட்டும் விற்பனைக்கு வரும் மயிலாப்பூர் சந்துக்கும் ஒரே சந்தை எப்படி இருக்கும்? நீங்கள் வாங்கப்போகும் தெருவில், சுற்றி அரை கிலோமீட்டரில், உங்களுக்கு வேண்டிய அளவில் எத்தனை வீடுகள் விற்பனைக்கு இருக்கின்றன, எத்தனை மாதமாக இருக்கின்றன என்று எண்ணுங்கள். நான் ஒரு பழைய நோட்டில் ஆறு மாதம் எழுதி வந்தேன். ஆடியில் எழுதிய பதினோரு வீடுகளில் ஏழு, கார்த்திகையிலும் அப்படியே இருந்தன. அதில் இரண்டு வீட்டுக்குச் சொன்ன விலையே குறைந்திருந்தது. இவ்வளவு தெரிந்தால் போதும், சந்தை எந்தப் பக்கம் சாய்கிறது என்று எவரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

சொல்லும் விலை வேறு, கைமாறும் விலை வேறு. கைமாறும் விலையைக் கண்டுபிடிக்கப் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்க விவரத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். சொந்த வீட்டுக்கு வில்லங்கம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எல்லோரும் அதைத் திறக்கிறார்கள். ஆனால் அதே சர்வே எண்ணில் பதிவான மற்ற ஃபிளாட்டுகளின் கிரயங்களும் அதில் வரும். ஒவ்வொரு பதிவின் கீழும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு எண்கள். அதே கட்டடத்தின் முதல் மாடி வீடு பதினான்கு மாதங்களுக்கு முன் 67 லட்சத்துக்குப் பதிவானதை அப்படித்தான் பார்த்தேன். பத்திரத்தில் குறைத்துக் காட்டியிருக்கலாம் என்பதால் அதையே வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் 78 என்ற எண் என் மனத்தில் அன்றே ஆட்டம் கண்டுவிட்டது.

அதே விவரத்தில் விற்பவர் எந்த ஆண்டு, என்ன தொகைக்கு வாங்கினார் என்பதும் தெரியும். பத்திரத்தை எந்த வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கினார், அதை அடைத்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகியிருக்கிறதா என்பதும் தெரியும். கடன் இன்னும் ஓடுகிறது என்றால் ஒவ்வொரு மாதமும் அவர் வட்டி கட்டுகிறார் என்று பொருள்.

வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டி குறையட்டும், பிறகு வாங்கலாம் என்று காத்திருப்பவர்கள் ஏராளம். வட்டி குறையும்போது அவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வருவார்கள். உங்கள் பேரம் அன்றோடு போய்விடும். 2023 பிப்ரவரியிலிருந்து 6.5 சதவீதத்தில் நின்ற ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 2025 பிப்ரவரியில் குறையத் தொடங்கி டிசம்பரில் 5.25க்கு வந்தது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை என்பதால், பழைய கடன்காரர்களுக்கும் குறைப்பு வந்து சேர்ந்தது. 55 லட்சம் கடன், 20 ஆண்டு என்று வையுங்கள். 8.75 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 48,600; 7.5 சதவீதத்தில் சுமார் 44,300. வட்டி அதிகமாக இருந்த நாளில் குறைந்த விலைக்கு வாங்கியவருக்கு இரண்டு லாபமும் கிடைத்தன. வட்டி பிறகு மாறலாம். கொடுத்த விலை மாறாது.

படி 3: விற்பவரின் நாட்காட்டி

ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் பதிவு குறைவு. தையிலும் ஆவணியிலும் முகூர்த்த நாள் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கூடுதல் டோக்கன் கொடுக்கும் அளவுக்குக் கூட்டம். நம்பிக்கை உள்ளவர்கள் நல்ல நாளில் பதிவு செய்யட்டும். ஆனால் விலை பேச முகூர்த்தம் தேவையில்லை. மார்கழியில் பேசி முடித்துத் தை பிறந்ததும் பதிவு செய்தால் அம்மாவுக்கும் மனக்குறை இல்லை.

இது எல்லோருக்கும் பொதுவான நாட்காட்டி. விற்பவருக்கென்று தனியாக ஒன்று உண்டு. ஏன் விற்கிறீர்கள் என்று நேரடியாகக் கேட்டால் சரியான பதில் வராது. "பதிவு எப்போது வைத்துக்கொள்ளலாம்? நீங்கள் எந்த ஊருக்கு மாறுகிறீர்கள்?" என்று கேளுங்கள். பதிலில் ஒரு மாதத்தின் பெயர் வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிலருக்கு வருமான வரியே கெடு வைக்கிறது. பழைய வீட்டை விற்ற லாபத்துக்கு வரிவிலக்கு வேண்டுமானால், விற்பதற்கு ஓராண்டு முன்போ விற்ற இரண்டு ஆண்டுக்குள்ளோ வேறு வீடு வாங்கியிருக்க வேண்டும். புது வீட்டை முதலில் வாங்கிவிட்டுப் பழையதை விற்க முயலும் ஒருவர், பத்தாவது மாதத்தில் எப்படிப் பேசுவார் என்று நினைத்துப் பாருங்கள். இன்னொரு வகை, வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளர். மூன்று வார விடுப்பில் வந்திருப்பார், திரும்பும் டிக்கெட் கையில் இருக்கும். சாதாரணமாக 50 லட்சமோ அதற்கு மேலோ விலை போகும் வீட்டுக்கு வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்தம் செய்து கட்டினால் போதும். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் விகிதம் வேறு, தொகை மிகப் பெரியது. பிடிக்கத் தவறினால் பொறுப்பு உங்கள் தலையில். இந்தத் தொல்லைக்குப் பயந்தே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆடிட்டரைக் கலந்து, குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை விற்பவர் எப்படி வாங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகிறவருக்குப் போட்டியே இருக்காது.

புரோக்கரின் நாட்காட்டியையும் பாருங்கள். விலை ஏறினால் அவருக்கு லாபம் என்று நாம் நினைக்கிறோம். 1 சதவீதத் தரகு என்றால் 78 லட்சத்தில் அவருக்கு 78,000, 71.5 லட்சத்தில் 71,500. வித்தியாசம் 6,500 ரூபாய். அந்த 6,500க்காக இன்னும் நான்கு மாதம் அலைய அவர் விரும்பமாட்டார். நீங்கள் உண்மையிலேயே வாங்கத் தயார் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து, வீட்டுக்காரரை இறக்கும் வேலையை அவரே பார்ப்பார். உங்கள் உச்சத் தொகையை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

படி 4: குறைகளை இரண்டாகப் பிரியுங்கள்

பணத்தால் சரியாகும் குறை, விலையைக் குறைக்கும் கருவி. பணத்தால் சரியாகாத குறை இருந்தால் திரும்பி வந்துவிட வேண்டும். அதைக் காட்டி நான்கு லட்சம் குறைத்தேன் என்று மகிழ்பவர் ஏமாந்தவர்.

கழிவறைச் சுவரில் ஈரம், பழைய வயரிங், துருப்பிடித்த ஜன்னல் கம்பி, பெயர் மாற்றாத சொத்து வரி, அசோசியேஷனுக்குப் பாக்கி. இவை முதல் வகை. ஒரு பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் அழைத்துப்போய்ச் செலவை எழுதி வாங்குங்கள். எங்கள் பிளம்பர் குளியலறைக் கதவுச் சட்டத்தின் அடிப்பகுதியைச் சாவியால் குத்தினார். ஒரு அங்குலம் உள்ளே போயிற்று. மரம் பஞ்சாக ஊறியிருந்தது. தரை ஓட்டின் அடியில் நீர் கசிகிறது என்றார். இரண்டு குளியலறையையும் உடைத்துச் செய்ய 2.4 லட்சம் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

தாய்ப் பத்திரம் இல்லை, வாரிசு ஒருவர் கையெழுத்துப் போடவில்லை, வழக்கு நிலுவையில் இருக்கிறது, அனுமதித்த வரைபடத்தில் இல்லாத மாடி, நீர்நிலை அல்லது கோயில் நிலம் என்ற சந்தேகம். இவை இரண்டாம் வகை. முப்பது ஆண்டுக்காவது வில்லங்கம் பார்த்து, உங்கள் சொந்த வக்கீலிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். புரோக்கர் அழைத்துவரும் வக்கீல் வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் வெள்ளம் நிற்கிறது. 2015 டிசம்பரும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் தென்சென்னையில் எந்தத் தெருவில் படகு விட்டார்கள் என்பதை எல்லோருக்கும் காட்டின. கீழ்த்தளத்துத் தூணில், வண்ணத்தின் அடியில், கிடையாக ஒரு கறைக்கோடு தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். காவலாளியிடமும் எதிர்க் கடைக்காரரிடமும் கேளுங்கள், அவர்களுக்குப் பொய் சொல்லக் காரணமில்லை. மேல்மாடி என்றாலும் லிஃப்டும் மோட்டாரும் காரும் கீழேதான் இருக்கின்றன.

கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத பாகம், அதாவது யூடிஎஸ், எவ்வளவு என்று பத்திரத்தில் பார்க்க மறக்காதீர்கள். கட்டடம் தேயும், நிலம் தேயாது. ஒரே 1,050 சதுர அடிக்குப் பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் 500 சதுர அடி நிலம் கிடைக்கலாம். பதினைந்து மாடிக் கோபுரத்தில் அதில் பாதிகூட வராது. இடித்துக் கட்டும் நாள் வந்தால் பேச்செல்லாம் இந்த எண்ணைச் சுற்றித்தான். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்ககச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதத்தோடு மறுகட்டுமானத்துக்கு வழி செய்திருப்பதால், அந்த நாள் முன்போல் எட்டாத தூரத்தில் இல்லை.

படி 5: விலை சொல்லும் நாள்

முதல் எண்ணை நீங்கள் சொல்வதானால் காரணத்தோடு சொல்லுங்கள். "ஒரு பத்து லட்சம் குறையுங்கள்" என்றால் அது சந்தைக்கடைப் பேச்சு. நான் ஒரே தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு போனேன்: அதே கட்டடத்தில் பதிவான 67 லட்சம், இடைப்பட்ட மாதங்களுக்கான ஏற்றம், பிளம்பர் சீட்டு. என் எண் 69.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். தாளை இரண்டு முறை படித்தார். "தம்பி, மெட்ரோ வருகிறது. அது தெரியும் இல்லையா?" என்றார். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரையிலான வழித்தடம் மடிப்பாக்கம் வழியாகத்தான் போகிறது, உண்மைதான். "வரட்டும் ஐயா. இன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வர எனக்கு அந்தத் தோண்டிய சாலையில் நாற்பது நிமிடம் ஆயிற்று" என்றேன். அவர் சிரித்துவிட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி காபி கொண்டுவந்தார். அதற்குப் பிறகு நான் பேசவில்லை. காபி முடியும்வரை பேசாமல் இருப்பது கடினம்; ஆனால் அந்த மௌனத்தில்தான் அவர் 74 என்றார். நான்கு நாள் கழித்து 71.5.

விற்பவரை மட்டம் தட்டாதீர்கள். பதினைந்து ஆண்டு வாழ்ந்த வீட்டைக் குறை சொன்னால், அதே விலைக்கு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். குறையைத் தாள் சொல்லட்டும்.

கீழே ஓர் எல்லையும் இருக்கிறது. வழிகாட்டி மதிப்பைவிடக் கிரயத் தொகை ரொம்பக் குறைந்தால், அந்த வித்தியாசத்தை வாங்குபவரின் வருமானமாகக் கணக்கிட்டு வரி போடுவார்கள்; 10 சதவீதம் வரையிலான வித்தியாசத்துக்கு விலக்கு உண்டு. "பத்து லட்சம் ரொக்கமாகக் கொடுங்கள், மொத்தத்தில் இரண்டு லட்சம் குறைக்கிறேன்" என்ற பேச்சு வந்தால் மறுத்துவிடுங்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற விற்பவருக்கு அதே அளவு அபராதம். உங்களுக்கும் நஷ்டம்தான்: பத்திரத்தில் தொகை குறைவதால் வங்கிக் கடன் குறையும், நாளை விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரி கூடும், பேச்சு முறிந்தால் அந்தப் பணத்துக்குச் சாட்சி கிடையாது.

ஒரு வீட்டுக்கு நான்கு பேர் நிற்கும் தெரு என்றால் விலையில் பேரம் நடக்காது. அங்கே வேகத்தையும் உறுதியையும் கொடுத்து வேறு எதையாவது கேளுங்கள். பதிவுத் தேதி, அலமாரிகள், அசோசியேஷன் பாக்கி, வாடகைக்காரரைக் காலி செய்யும் பொறுப்பு. இவையும் பணம்தான்.

படி 6: பில்டரிடம் வேறு பாஷை

பில்டர் சதுர அடி விலையை எளிதில் குறைக்கமாட்டார். குறைத்தால் முன்பே வாங்கிய நாற்பது பேர் வாசலுக்கு வருவார்கள். அதனால் விலைப்பட்டியலைத் தொடாமல் மற்றவற்றைத் தொடுங்கள்: மாடிக்கான கூடுதல் கட்டணம், மூலை வீட்டுக் கட்டணம், இரண்டு ஆண்டுப் பராமரிப்பு, பத்திரச் செலவு. திறந்தவெளிப் பார்க்கிங்குக்குத் தனி விலை கேட்டால், ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி அது பொதுப் பகுதி என்று நினைவூட்டுங்கள்.

முதல் கேள்வி எப்போதும் கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்பதுதான். 1,200 சதுர அடி, அடிக்கு 7,500, மொத்தம் 90 லட்சம் என்பார்கள். உள்ளே கால் வைக்கும் இடம் 840 என்றால் உண்மை விலை அடிக்கு 10,714. இரண்டு திட்டங்களை ஒப்பிட இந்த எண் ஒன்றே உதவும்.

கட்டி முடித்து, முடிப்புச் சான்றிதழ் வாங்கி, இன்னும் விற்காமல் நிற்கும் ஃபிளாட்டில் வாங்குபவரின் கை ஓங்கியிருக்கும். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்குப் பொதுவாக 5 சதவீத ஜிஎஸ்டி. முடிப்புச் சான்றிதழுக்குப் பிறகு வாங்கினால் அது இல்லை. 90 லட்சத்தில் நாலரை லட்சம் பேசாமலே மிச்சம். எத்தனை வீடு விற்றிருக்கிறது என்பதை விற்பனையாளர் சொல்லும் "இரண்டே இரண்டு பாக்கி" என்ற கதையிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டாம். பதிவான திட்டங்கள் காலாண்டுக்கு ஒருமுறை புக்கிங் எண்ணிக்கையை ரெரா தளத்தில் புதுப்பிக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, மார்ச் கடைசி வாரத்தில், விற்பனை இலக்கு அழுத்தும்போது போங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க அவர்களுக்கு உரிமையில்லை.

படி 7: அட்வான்ஸ்

அட்வான்ஸ் கொடுத்த நிமிடம் உங்கள் பலம் பாதியாகிவிடும். ஆகவே டோக்கன் தொகை சிறியதாக, காசோலையாக இருக்கட்டும். வக்கீல் கருத்து பாதகமாக வந்தாலோ வங்கி மதிப்பீடு குறைந்தாலோ முழுத் தொகையும் இத்தனை நாளில் திருப்பித் தரப்படும் என்ற வரி ரசீதிலேயே இருக்க வேண்டும். வங்கியின் மதிப்பீட்டாளர் சொல்லும் தொகை பேசிய விலைக்குக் கீழே வந்தால், அது மறுபடி பேச உங்களுக்குக் கிடைத்த நியாயமான காரணம்.

கிரய ஒப்பந்தத்தில் தேதி, மீறினால் என்ன, சாவி எப்போது, எந்தெந்தப் பொருள் வீட்டோடு சேரும் என்பது எழுத்தில் வரட்டும். மின்விசிறி, கீசர், சமையலறை அலமாரி, இன்வெர்ட்டர் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். கடைசித் தவணையும் சாவியும் பதிவு நாளன்றே கைமாற வேண்டும்.

பதிவன்று காலை ஒருமுறை வீட்டைப் போய்ப் பாருங்கள். நான் ஏழு மணிக்குப் போனேன். குழாய்களைத் திறந்தேன், மின்மீட்டரைப் படம் எடுத்தேன். பெரிய குளியலறையில் கீசர் இருந்த இடத்தில் இரண்டு போல்ட் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தைப் படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்பினேன். பதினொன்றரை மணிக்கு, சார்பதிவாளர் அலுவலக வாசலில் எங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிடும் நேரத்தில், ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் கீசர். "பெட்டி கட்டுபவர்கள் தெரியாமல் எடுத்துவிட்டார்கள் தம்பி" என்று சொல்லி அதை என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட உள்ளே போனார்.